அயல்நகரில் ஒரு மாணவன்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



அயல்நாட்டுக் கல்வி குறித்துப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். நான் அயல்நாடு சென்று பயின்றவன் அல்லன். அரசுப் பள்ளியின் கரும்பலகைக்கு முன்னால் என் காலத்தைக் கழித்தவன். எந்தப் பல்கலைக்கழகத்திற்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, விசா பெறுவது எப்படி என்பனவற்றை எனக்குப் பின் பேசவிருப்போர் விளக்குவர். நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு வினா. நம் சமுதாயத்தில் பிறந்த ஒரு மாணவன், தன்னை யாரும் அறியாத ஒரு பெருநகரத்தில் சென்று இறங்கும்போது, அந்நகரம் அவனுக்கு எதைக் கற்பிக்கிறது? அதைக் கற்றுக்கொண்டு அவன் என்ன செய்தல் வேண்டும்?

இவ்வினாவுக்கு நம்மவர் இருவர் தம் வாழ்க்கையாலேயே விடை கூறியுள்ளனர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர். மற்றொருவர் நம் பழைய திருவிதாங்கூர் மண்ணிலே பிறந்து, இந்தியக் குடியரசின் தலைவராக உயர்ந்த கே. ஆர். நாராயணன்.

அவர்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நம் பக்கத்து ஊர்கள் இரண்டை நினைவூட்ட விரும்புகிறேன். இங்கிருந்து திருவனந்தபுரம் செல்லும் பேருந்தில் ஏறினால் பாலராமபுரம் வரும். அங்கே கிழக்கே திரும்பினால் ஊரூட்டம்பலம். மேற்கே திரும்பினால் வெங்ஙானூர். சென்ற நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள், பஞ்சமி என்னும் சிறுமியின் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குள் அழைத்துச் சென்றார் அய்யன்காளி. நம் பிள்ளை உட்கார்ந்த பள்ளி நமக்கு வேண்டாம் என்று எதிரிகள் அப்பள்ளிக்கே தீ வைத்தனர். அதே அய்யன்காளியை 1937ஆம் ஆண்டு காந்தியடிகள் வெங்ஙானூரில் சந்தித்தபோது, தாம் கண் மூடுவதற்குள் தம் மக்களில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெற்றுவிட வேண்டும் என்பதே தம் விருப்பம் என்றார். எழுதப் படிக்கக் கற்பிக்கப்படாத ஒரு பெருமகன் வேண்டியது பொன் அன்று, பூமி அன்று, பத்துப் பட்டதாரிகள். இன்று இவ்வரங்கின் முன்வரிசையை எண்ணினாலே பத்துக்கு மேல் வரும். எனவே அவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த படியைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு உண்டு.

நியூயார்க்கில் மூன்று ஆண்டுகள்

அம்பேத்கர் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியது 1913ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில். அப்போது அவருக்கு வயது 22. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் தந்தையை இழந்திருந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன், காலம் மூன்றாண்டு. படித்து முடித்துத் திரும்பியதும் பத்தாண்டுகள் பரோடா அரசுப் பணி செய்வதாக அவர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்த இளைஞர் எத்தகைய பள்ளியிலிருந்து அங்கே சென்றார் என்பதை நினைத்துப் பாருங்கள். சதாராவில் பயின்ற காலத்தில் தாமே கொண்டுசென்ற கோணியின் மேல் தனித்து உட்கார்ந்தவர். தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திறக்கும் உரிமை அவருக்கு இல்லை. பள்ளி ஏவலாள் வந்து திறந்தால்தான் தண்ணீர். அவன் வரவில்லையென்றால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. அப்படிப்பட்டவர் இப்போது கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் மற்றவர்களோடு ஒரே மேசையில் உண்கிறார். எந்தக் குழாயையும் திறந்து குடிக்கிறார். எந்த நூலக நாற்காலியிலும் அமர்கிறார்.

முதலில் ஹார்ட்லி ஹால் என்னும் விடுதியில் தங்கினார். அவ்வுணவு அவருக்கு ஒத்துவரவில்லை. பல நாட்டு மாணவர்கள் தங்கியிருந்த மேற்கு 114ஆம் தெருவின் காஸ்மாபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். பின்னர் லிவிங்ஸ்டன் ஹாலில் நேவல் பதேனா என்னும் பார்சி இளைஞரோடு ஒரே அறையில் வாழ்ந்தார். வாழ்நாள் முழுதும் நீடித்த நட்பு அது.

புதிய ஊர், புதிய சுதந்திரம். முதற் சில மாதங்கள் அவர் மனம் படிப்பில் முழுமையாக ஊன்றவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். இதை மறைக்காமல் சொல்கிறேன். பூட்டிய வீட்டிலிருந்து வெளியே வந்தவன் முதலில் வெளிச்சத்தைத்தான் பார்ப்பான். ஆயினும் விரைவிலேயே அவர் தம்மைத் தாமே நிறுத்திக் கேட்டுக்கொண்டார்: மன்னர் பணம் கொடுத்தது எதற்காக? வீட்டில் மனைவி இரமாபாய் வறுமையில் வாடுவது எதற்காக? அதன்பின் அவர் கண்ட நியூயார்க் வேறு. அக்காலத்தில் அந்நகரத்தில் இருந்த லாலா லஜபதிராய் அவரை அரசியல் பணிக்கு அழைத்தார். வந்தது படிப்பதற்கே என்று கூறி அம்பேத்கர் விலகிக்கொண்டார். சிறு உதவித்தொகையில் வீட்டுக்கும் பணம் அனுப்பி, மிஞ்சியதில் பழைய புத்தகக் கடைகளைத் துருவினார். அவ்வாறு சேர்ந்த நூல்கள் ஏறத்தாழ 2,000 என்பர்.

ஜான் டூயி, எட்வின் செலிக்மன், ஜேம்ஸ் ஹார்வி ராபின்சன், ஜேம்ஸ் ஷாட்வெல் ஆகிய பேராசிரியர்களிடம் பயின்றார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்னும் கட்டுரையைப் படித்தார். உலகத்துப் பொருள் அத்தனையும் முன்னால் விரிந்து கிடந்த இடத்தில், 25 வயது இளைஞர் ஆராய எடுத்துக்கொண்டது தம்மை ஒடுக்கிய சாதியை. ஊரில் இருந்தபோது அது தலைமேல் இருந்த பாரம். தொலைவில் நின்றபோது அது அலசிப் பார்க்கத்தக்க ஒரு பொருளாயிற்று. அயல்நகரம் தரும் முதற் பேறு இதுவே.

அந்நகரமும் குற்றமற்றதன்று. பல்கலைக்கழகம் நின்ற குன்றுக்கு அப்பால், ஹார்லம் என்னும் பகுதியில் கறுப்பின மக்கள் அந்த ஆண்டுகளில்தான் பெருகிக் குடியேறிக்கொண்டிருந்தனர். நிறத்தின் பெயரால் அவர்கள் அடைந்த இழிவை அம்பேத்கர் மறக்கவில்லை. 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மக்களின் நிலையைத் தாம் தொடர்ந்து பயின்று வருவதைத் தெரிவித்தார். தன் துன்பத்தை மட்டும் அறிந்தவன் பாதி அறிந்தவன். பிறன் துன்பத்தோடு அதை ஒப்பிட்டறிந்தவனே முழுதும் அறிந்தவன்.

பரோடா கற்பித்த பாடம்

1916இல் இலண்டன் சென்றார். பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் திரும்ப நேர்ந்தது. அது முதல் உலகப் போர்க்காலம். அவர் தனியே கப்பலில் அனுப்பிய நூல்களும் பெட்டிகளும் கப்பல் தாக்கப்பட்டதால் கடலில் மூழ்கின. உடுத்த உடையோடும் கற்ற கல்வியோடும் அவர் பரோடாவில் இறங்கினார்.

அங்கே அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. இந்து விடுதிகள் அவரை ஏற்கமாட்டா. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரொன்றைச் சொல்லி ஒதுங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. நண்பர்கள் என நம்பிய இருவர் வீட்டிலும் இடமில்லை. பொதுப் பூங்கா ஒன்றில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு இரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். அரசு அலுவலகத்திலும் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஏவலர்கள் கோப்புகளைத் தொலைவிலிருந்து எறிந்தனர். சதாராவின் கோணியும் பரோடாவின் மேசையும் ஒன்றே என்றாயிற்று. அயல்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில் தாம் தீண்டப்படாதவர் என்னும் எண்ணமே தம் மனத்தை விட்டு நீங்கியிருந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பரோடா இரயில் நிலையத்தில் இறங்கியபோதே அது திரும்பி வந்து முன்னால் நின்றது.

இளைஞர்களே, இந்த இடத்தைக் கூர்ந்து நோக்குங்கள். ஒருவன் தனியே உயர்ந்துவிட்டால் சாதி அவனை விட்டுவிடும் என்னும் நம்பிக்கை அன்று உடைந்தது. கொலம்பியாவின் பட்டமும் ஒரு நாள் தங்குவதற்கு ஓர் அறையைப் பெற்றுத் தரவில்லை. ஆனால் கொலம்பியா அவருக்குக் கொடுத்த மற்றொன்றை யாராலும் பறிக்க முடியவில்லை. மனிதன் மனிதனோடு சமமாக வாழ முடியும் என்பதை அவர் நூலில் படித்ததோடு நிற்கவில்லை, வாழ்ந்தே பார்த்துவிட்டார். கையில் அளவுகோல் வந்துவிட்டால் குறைந்த அளவை நிறைந்தது என்று எவனும் ஏமாற்ற முடியாது.

இலண்டனில் பசியும் படிப்பும்

பம்பாயில் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்த பணம், கோல்காப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, நண்பர் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடன் ஆகியவற்றோடு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். இம்முறை அவர் நகரத்தைக் கண்ட விதமே வேறு. அவருக்கு இலண்டன் என்பது நூலகங்கள்தாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வட்டமான படிப்பு மண்டபத்தில் காலையில் நுழைந்தால் மூடும் வேளையில்தான் வெளியே வருவார். நண்பகல் உணவைப் பெரும்பாலும் விட்டுவிடுவார். இரவில் பசித்தால், தெரிந்தவர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளங்களைச் சுட்டுத் தின்று மீண்டும் படிப்பார். உறங்கச் சொன்ன அறைத் தோழரிடம், உணவுக்குப் பணமும் இல்லை, உறக்கத்துக்கு நேரமும் இல்லை என்று விடை கூறியதாகச் சொல்வர். இதை நம் தாய்மார்கள் கேட்டால் மனம் வருந்துவர். பட்டினி கிடந்து படியுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தின் விலையை அவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பதையே சொல்கிறேன்.

எம்.எஸ்சி., டி.எஸ்சி., பாரிஸ்டர் ஆகிய மூன்றையும் பெற்றார்; 1923இல் தாயகம் திரும்பினார். ரூபாயின் சிக்கல் குறித்த அவருடைய ஆய்வு நூலாகவும் வெளிவந்தது. திரும்பியவர் 1924இல் நலச்சங்கம் ஒன்றை நிறுவினார். அதன் வழியே மாணவர் விடுதியும் நூலகமும் நடத்தினார். 1927இல் மகாத் நகரின் பொதுக்குளத்தில் இறங்கித் தம் மக்களோடு தண்ணீர் அருந்தினார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். நியூயார்க்கில் தமக்குத் தடையின்றிக் கிடைத்த தண்ணீரும் நூலகமும் தம் மக்கள் அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் பிற்காலத்துப் பணிகளின் சாரம். இலண்டனில் 1921, 1922ஆம் ஆண்டுகளில் அவர் தங்கிய கிங் ஹென்றிஸ் ரோடு 10ஆம் எண் வீட்டை மராட்டிய அரசு 2015இல் வாங்கி நினைவகம் ஆக்கியது.

உழவூரிலிருந்து ஒருவர்

இனி நம் திருவிதாங்கூர்க்காரரிடம் வருவோம். 1956 நவம்பர் முதல் நாள் வரை நாமும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவர்களே அல்லவா? கோட்டயத்துக்கு அப்பால் உழவூரில் ஓர் ஏழை வைத்தியரின் மகனாகப் பிறந்தவர் நாராயணன். வயல் வரப்புகளின் வழியே நாள்தோறும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குச் சென்றார். கட்டணம் கட்டாததற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார். அங்கிருந்தே பாடம் கேட்டார். புத்தகம் வாங்க வழியில்லாதபோது அவர் தமையனார் பிறரிடம் நூல் வாங்கிக் கையால் படியெடுத்துக் கொடுத்தார். 1943இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் முதலிடம் பெற்றார்.

இதழாளராகச் சில காலம் பணியாற்றியபின், ஜே. ஆர். டி. டாட்டாவின் உதவியால் 1945இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றார். போர் அப்போதுதான் முடிந்திருந்தது. குண்டு வீழ்ந்து இடிந்த கட்டடங்கள், பங்கீட்டு அட்டையில் உணவு, துணிக்கும் பங்கீடு. செல்வத்தின் நகரம் என்று கேள்விப்பட்ட இலண்டன் அன்று வரிசையில் நின்ற நகரமாக இருந்தது. அந்நகரில் ஹெரால்ட் லாஸ்கியிடம் அரசியல் பயின்றார். வி. கே. கிருஷ்ணமேனனின் இந்தியா லீகில் பங்கு கொண்டார். பின்னாளில் பொருளியல் அறிஞராக விளங்கிய கே. என். ராஜும், மொரீஷியசின் குடியரசுத் தலைவரான வீராசாமி ரிங்காடுவும் அவரோடு ஒரே இருப்பிடத்தில் தங்கியவர்கள். 1948இல் லாஸ்கி கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு திரும்பிப் பிரதமர் நேருவைக் கண்டார். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 1997இல் குடியரசுத் தலைவர் ஆனார்.

இருவருக்கும் பொதுவானது என்ன? இருவரும் பிறர் உதவியால் சென்றனர். இருவரும் தம்மவர் அல்லாதாரோடு நட்புக் கொண்டனர். இருவரும் திரும்பி வந்தனர்.

இன்றைய நிலை

நம் மாவட்டத்தில் வெளிநாடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது வளைகுடா. உழைத்துச் சம்பாதித்து ஓட்டு வீட்டைக் கான்கிரீட் வீடாக்கிய நம் சகோதரர்களை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் வேலைக்குப் போகும் வழியை அறிந்த அளவுக்குப் படிக்கப் போகும் வழியை நாம் அறியவில்லை. என் பழைய மாணவர் ஒருவர் ஐரோப்பாவில் பொறியியல் மேற்படிப்புப் படிக்கிறார். விடுமுறையில் வந்தபோது என்னிடம் சொன்னார்: “சார், அங்கே போய் மூன்று மாதம் ஆனபிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். ஊர் எது, வீடு எந்தப் பக்கம், அப்பா பெயர் என்ன என்று யாருமே என்னிடம் கேட்கவில்லை.” அந்த மூன்று கேள்விகளின் பொருள் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவரே அடுத்து இதையும் சொன்னார்: “நான்காம் மாதம் கேட்டார்கள் சார். கேட்டவர்கள் நம் நாட்டுக்காரர்கள்.”

ஆம், சாதியும் கடல் கடந்து சென்றிருக்கிறது. இந்துக்கள் பிற நாடுகளில் குடியேறினால் சாதி உலகச் சிக்கலாகிவிடும் என்னும் ஓர் ஆய்வாளரின் எச்சரிக்கையை, 1916ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது; அந்நாட்டில் அவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. ஆகவே அயல்நாடு சென்றால் எல்லாம் தீர்ந்தது என்று கனவு காண வேண்டாம். கேள்வி கேட்பவன் அங்கும் இருப்பான். தலை நிமிர்ந்து விடை சொல்லும் துணிவை இங்கிருந்தே கொண்டு செல்லுங்கள்.

அடுத்துப் பணம். தாழ்த்தப்பட்ட மாணவர்கள் அயல்நாடு சென்று பயில நடுவணரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1950களிலிருந்து நடைபெற்று வருகிறது. தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. இவற்றைப் பற்றி நம் குடியிருப்புகளில் எத்தனை வீடுகள் அறியும்? அதே வேளையில் ஒன்றைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. 2022இல் நடுவணரசுத் திட்டத்தின் விதிகளைத் திருத்தியபோது, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவை குறித்த படிப்புகளுக்கு உதவித்தொகை இல்லை என்று வகுத்தனர். அந்த விதி 1913இல் இருந்திருந்தால், ‘இந்தியாவில் சாதிகள்’ எழுதிய மாணவரின் நிலை என்னவாயிருக்கும்? விண்ணப்பிப்பது நம் உரிமை. விதி தவறானால் அதைத் தட்டிக்கேட்பதும் நம் உரிமையே.

மற்றோர் எச்சரிக்கை. மூன்று சென்ட் பட்டாவை அடகு வைத்து, இடைத்தரகர் சொல்லும் பெயர் தெரியாத கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். பெற்றோர் தலைமேல் கடனைச் சுமத்திவிட்டுப் போகும் பிள்ளை, அந்நகரத்தில் பகலெல்லாம் வட்டிக்காக உழைத்துவிட்டு இரவில் எதைப் படிக்கும்? உதவித்தொகைக்குத் தகுதி பெற ஓராண்டு காத்திருந்தாலும் அது இழப்பன்று.

இறுதியாக இளைஞர்களுக்கும் சங்கத்துக்கும் சில வேண்டுகோள்கள். நகரத்தைப் படிக்கும் பயிற்சியை இலண்டன் சென்று தொடங்க வேண்டியதில்லை. இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் இருக்கிறது. 1829இல் தோன்றிய பொது நூலகம் அங்கே இருக்கிறது. மருத்துவமனைக்கும் துணிக்கடைக்கும் மட்டுமே அந்நகருக்குச் சென்றுவரும் நாம், ஒரு சனிக்கிழமை அந்நூலகத்தின் படிகளில் ஏறலாகாதா? நாகர்கோவிலிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அந்நிய இடத்தில் கூச்சமின்றி நுழைந்து, உரிமையோடு நாற்காலியை இழுத்து உட்காரக் கற்றவனுக்கு எந்த நகரமும் அந்நியமன்று. நம் பெண்மக்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஊரூட்டம்பலத்துக்கு முதலில் நடந்த கால்கள் ஒரு சிறுமியின் கால்கள் என்பதை மறவாதீர்கள்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்: இந்த வெள்ளி விழா நினைவாக அயல்நாட்டுக் கல்விக்கென ஒரு சுழல்நிதியைத் தொடங்குங்கள். தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், பயணச்சீட்டு ஆகியவற்றுக்கு அது வட்டியின்றி உதவட்டும். அதனால் பயன் பெற்றுச் செல்பவர் வேலையில் அமர்ந்ததும் வாங்கியதைத் திருப்பிச் செலுத்தி, அடுத்தவரை அனுப்பட்டும். அம்பேத்கருக்கு ஒரு மன்னரும் நாராயணனுக்கு ஒரு தொழிலதிபரும் கிடைத்தனர். நம் பிள்ளைகளுக்கு நாமே அந்தக் கை ஆவோம். முதல் தவணையாக என் ஒரு மாத ஊதியத்தைச் செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன்.

செல்லும் பிள்ளைகள் அங்கேயே தங்கினாலும் குற்றமில்லை. ஆனால் கண்டதை எழுதுங்கள், கற்றதை அனுப்புங்கள், பின்னால் வருபவனுக்கு வழி சொல்லுங்கள். உங்கள் அளவுகோல் உங்கள் பெட்டிக்குள் உறங்க வேண்டாம். அது இந்த ஊருக்கு வந்து சேர வேண்டும்.